ஆயுள் வரையறை ஆணையமும் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜும்

எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் ஓர் அலுவலகத்துக்குள் ஜன்னல் வழியாக நுழைந்ததில்லை. என் தகப்பனார் நுழைந்ததில்லை. அவருடைய தகப்பனார் அலுவலகத்துக்கே போனதில்லை. ஆகவே, வீட்டு மின்சாதன ஆயுள் வரையறை மற்றும் புதுப்பிப்பு ஆணையத்தின் காவலாளி ஓர் ஏணியைக் காட்டி, "ஏறுங்க பெரியவரே, முதல் மாடி, இடது பக்க ஜன்னல்" என்றபோது எனக்கு ஏற்பட்ட உணர்ச்சியை நல்ல குடும்பத்தில் பிறந்தவர்கள் புரிந்துகொள்வார்கள்.

அந்த ஏணிக்கு வருமுன் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் ஊரான கோகந்தின் ரயில் நிலையத்தில் நான் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்த காலத்தில் வாங்கியது அது. என் மகன் உல்மஸைவிட மூத்தது. வெள்ளை எனாமல், வளைந்த தோள், லாரிக் கதவுக்கு வைப்பது போன்ற கைப்பிடி. நிற்கும்போது ஒரு முறை உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். கிளம்பும்போதும் அப்படியே. என் மனைவி ஸாஹிபா அதை ‘அவர்’ என்றுதான் சொல்வாள்.

போன இலையுதிர் காலத்தில் உல்மஸுக்குக் கல்யாணம் நடந்தது. மருமகள் நஸோகத்தின் சீர்வரிசையை வழக்கப்படி முற்றத்தில் பரப்பி வைத்தார்கள். தெருப் பெண்கள் எல்லாரும் வந்து பார்த்தார்கள். மெத்தைகள், பட்டுத் துணிகள், கம்பளம், பீங்கான் கிண்ணங்கள், இவற்றோடு ஒரு தகரப் பெட்டி. அதற்குள் பற்றவைக்கும் கோலும் குறடுகளும் திருப்புளிகளும் இருந்தன. மருமகளின் தாய்வீட்டில் இஸ்திரிப் பெட்டி முதல் தொலைக்காட்சி வரை எது நின்றாலும் அடுக்களையிலேயே பிரித்து மாட்டிவிடுவார்களாம். சம்பந்தியம்மாளுக்குப் பெண்ணுக்குக் கொடுக்கத் தோன்றியது அது. ஆனால் எங்கள் தெருவில் சீர்வரிசை என்றால் முதலில் தேடுவது ஃப்ரிட்ஜைத்தான்.

பஷோரத் அக்கா என்று ஒருவர் இருக்கிறார். எந்த வீட்டுச் சீர்வரிசையையும் அவர் பார்க்காமல் அது சீர்வரிசை ஆகாது. அவர் மெத்தைகளுக்குப் பின்னால்கூட எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"எல்லாம் அழகாத்தான் இருக்கு. ஃப்ரிட்ஜு பின்னாடி லாரியில வருதா?"

மணப்பெண் தலை குனிந்து நின்றாள். நான் எழுந்து நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "என் வீட்டுல ஃப்ரிட்ஜ் இருக்கு. இந்தப் பொண்ணு புள்ள பெத்து, அந்தப் புள்ளைக்குக் கல்யாணம் ஆகுற வரைக்கும் அது ஓடும். இன்னொண்ணு வாங்கி அதை அவமானப்படுத்துற வழக்கம் எங்க வீட்டுல இல்ல."

கல்யாண வாரம் முடிவதற்குள் அது நின்றுவிட்டது.

இந்தச் செய்தி வெளியே போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ‘மருமகள் கால் வைத்த நேரம், மாமனார் வீட்டு ஃப்ரிட்ஜுக்கும் மூச்சு நின்றது’ என்பார்கள். அந்தப் பேச்சு ஒரு பெண்ணின்மேல் ஒட்டினால் அவளுடைய மகள் கல்யாணம் வரை கூடவே வரும். நான் கதவைச் சாத்திவிட்டு யோசித்துக்கொண்டிருந்தேன். நஸோகத் அதைச் சுவரிலிருந்து இழுத்தாள், பின்பக்கம் உட்கார்ந்தாள், தீப்பெட்டி அளவில் எதையோ கழற்றினாள்.

"மாமா, ரிலே கரிஞ்சு கிடக்கு. அவரு பாவம், கிளம்பத்தான் பார்க்கிறாரு. இது விடமாட்டேங்குது" என்றாள். உப்புத்தாளால் தேய்த்து மாட்டினாள். கதவின் ரப்பரையும் பிரித்து வெந்நீரில் போட்டெடுத்துத் திரும்பப் பொருத்தினாள். அவர் ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்துவிட்டு ஓடத் தொடங்கினார். அதிலிருந்து எங்கள் வீட்டில் எது நின்றாலும் நாங்கள் கவலைப்படவில்லை. தேநீர் கொதிக்கும் மின்சார சமோவார், விசிறி, ஸாஹிபாவின் தையல் இயந்திரம் எல்லாம் ஒருமுறை மருமகளின் மடிக்குப் போய் வந்தவை.

இப்படி மானத்தோடு நாங்கள் வாழ்ந்துகொண்டிருந்தபோதுதான் ஆணையம் எங்கள் தெருவுக்கு வந்தது.

அறிமுகக் கூட்டம் தேநீர்க்கடையில் நடந்தது. ஆணையத் தலைவர் நுஸ்ரதோவ் நல்ல உயரம், நல்ல குரல். அவர் பேசியதை ஏறக்குறைய அப்படியே தருகிறேன்.

"பெருமக்களே! ஒரு வீட்டுச் சாதனத்தின் ஆயுள் பத்தாண்டு என ஆணையம் தீர்மானித்திருக்கிறது. அது ஏன் பத்து என்று சிலர் கேட்கிறார்கள். ஒன்பது என்று தீர்மானித்திருந்தால் ஏன் ஒன்பது என்று கேட்டிருப்பார்கள். கேள்வி கேட்பவர்களுக்கு எண் முக்கியமில்லை. பழுது பார்ப்பது என்றால் என்ன? ஒருவன் தன் மின்விசிறியைப் பிரித்துப் பார்க்கிறான். அதைச் செய்தவர்களை அவன் நம்பவில்லை என்று பொருள். இன்று விசிறியைப் பிரிக்கிறான். நாளைக்கு எதைப் பிரித்துப் பார்ப்பான்? எங்கள் அலுவலகத்தைப் பாருங்கள். ஓராண்டுக்குள் பத்தாண்டு தாண்டிய மூன்று ஃப்ரிட்ஜை மாற்றியிருக்கிறோம். மூன்றிலும் வைப்பதற்கு எங்களிடம் ஒன்றும் இல்லை. இருந்தும் மாற்றினோம். இதுதான் கொள்கைப் பிடிப்பு!"

கைதட்டினார்கள். ஹோஷிம் எல்லாரையும்விட அதிகமாகத் தட்டினான். அவன் என் பக்கத்து வீட்டுக்காரன். அவனுடைய முசுக்கொட்டைக் கிளை என் சுவர்மேல் சாய்ந்த நாளிலிருந்து நாங்கள் பேசுவதில்லை. என் வீட்டுப் பொருள்களின் வயது அவனுக்குத் தெரியும்.

அடுத்த வாரம் கம்ரோன் என்ற இளம் ஆய்வாளர் எங்கள் வீட்டுக்கு வந்தார். வந்தவருக்கு முதலில் ரொட்டி பிட்டு வைத்துத் தேநீர் ஊற்றினோம். என்ன வேலையாக வந்தாலும் எங்கள் ஊரில் அதற்கு முன் வேலை தொடங்காது. அவர் சமோவாரிலிருந்து தேநீர் குடித்தார். விசிறிக்கு நேராக நகர்ந்து உட்கார்ந்து சட்டைப் பொத்தானைத் தளர்த்தினார்.

"நல்ல காத்து. எங்க ஆபீஸ்ல வெந்து சாகுறோம். ஃபேன் நின்னு போச்சு."

"சரி பண்ணக்கூடாதா தம்பி?" என்றாள் ஸாஹிபா.

அவர் வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். "அந்த வார்த்தைய எங்க ஆபீஸ்ல சொல்லக்கூடாதும்மா. ‘புதுப்பிப்புக்குக் காத்திருக்கு’ன்னு சொல்லணும்."

"எவ்வளவு நாளா காத்திருக்கு?"

"ஆணையம் தொடங்குனதிலிருந்து."

பிறகு அவர் ஃப்ரிட்ஜுக்கு முன்னால் போய் நின்றார். அது ஓடிக்கொண்டிருந்தது. திறந்தார். குளிர் முகத்தில் அடித்தது. மூடினார்.

"ஓடுதே" என்றார், குற்றம் சாட்டும் குரலில்.

"ஃப்ரிட்ஜு ஓடாம பின்னே பாட்டா பாடும்?" என்றாள் நஸோகத்.

"அப்படி இல்ல தங்கச்சி. ஓடுறது வேற, உயிரோட இருக்கிறது வேற. எங்க கணக்குப்படி இது எப்பவோ போயிடுச்சு. இப்ப ஓடுறது அதோட சொந்தப் பொறுப்புல ஓடுது."

"அப்போ நீங்க குடிச்ச தேநீர் கொதிச்சது செத்துப்போன சமோவார்ல. காத்து வாங்குனது செத்துப்போன ஃபேன்ல. பயமா இல்லையா அண்ணே?"

கம்ரோன் கிண்ணத்தைக் கீழே வைத்தார். கெட்ட பையன் இல்லை. சமோவாரையும் விசிறியையும் தாம் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டார். ஆனால் ஃப்ரிட்ஜைப் பார்க்காமல் இருக்க முடியாது, அது பெரியது. அதை இறந்ததாக அறிவித்து, தெருவறிய வெளியே எடுத்துப் போவது விதி. தெருவறிய என்பதுதான் என் நெஞ்சில் குத்தியது. பஷோரத் அக்காவின் வாசலைத் தாண்டித்தான் எடுத்துப் போக வேண்டும்.

ஆகவேதான் நான் மேல்முறையீடு செய்ய ஆணையத்துக்குப் போனேன். ஆகவேதான் அந்த ஏணி.

விஷயம் இதுதான். அலுவலகக் கதவின் கைப்பிடி கழன்றுவிட்டது. ஒரு திருகாணி போதும். ஆனால் பழுது பார்க்கக் கூடாது. கதவையே மாற்றக் கேட்டிருக்கிறார்கள். கதவுக்கு வயது பத்து ஆகவில்லை, அதனால் மாற்றவும் முடியாது. தன் விதியையே மீறாத நேர்மையோடு ஆணையம் முழுவதும் காலையில் ஜன்னல் வழியாக ஏறி உள்ளே போய், மாலையில் அதே வழியாக இறங்கிக்கொண்டிருந்தது.

"நான் ஏற மாட்டேன்" என்றேன்.

"எல்லாரும் ஏறுறாங்களே பெரியவரே. தலைவரே ஏறுறாரு."

"அது அவருடைய குடும்ப வழக்கமா இருக்கலாம்."

நான் தெருவில் நின்றேன். சிறிது நேரத்தில் நுஸ்ரதோவ் ஜன்னலில் தோன்றினார். வியர்த்திருந்தார். கையில் செய்தித்தாளை மடித்து விசிறிக்கொண்டிருந்தார். தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கத் தொடங்கினார்கள். கீழே ஆள் கூடினால் அவருக்குத் தானாகவே பேச்சு வரும் போலிருக்கிறது.

"மரியாதைக்குரிய எர்கஷ் ஐயா! உங்கள் முறையீட்டை ஆணையம் பரிவுடன் பரிசீலித்தது."

"நான் இன்னும் சொல்லவே இல்லையே."

"பரிசீலனை முன்கூட்டியே முடிந்துவிட்டது. நாங்கள் தாமதத்தை விரும்புவதில்லை. முறையீடு பரிவுடன் நிராகரிக்கப்படுகிறது."

"தலைவரே, அது ஓடுது. வந்து தொட்டுப் பாருங்க. ஒரு பழுதும் இல்ல."

"அதுதான் ஐயா ஆபத்து!" அவர் செய்தித்தாளால் என்னைச் சுட்டினார். "பழுதான பொருளை யார் வேண்டுமானாலும் தூக்கி எறிவார்கள். அதற்கு ஆணையம் எதற்கு? ஓடும் பொருளை எறிய வைப்பதற்குத்தானே எங்களை நியமித்திருக்கிறார்கள்! உங்கள் வீட்டில் யாரோ சட்டவிரோதமாக அதை உயிரோடு வைத்திருக்கிறார்கள் என்று தெரியவருகிறது."

கூட்டம் என்னைப் பார்த்தது. மருமகளின் பெயர் தெருவில் ஒலிக்க நான் விடுவதாக இல்லை. "என் வீட்டுல உயிரோட இருக்கிற எல்லாருக்கும் நான்தான் பொறுப்பு" என்றேன்.

"அப்படியானால் வியாழக்கிழமை காலை தயாராக இருங்கள். ஆணையத்தின் துணியைப் போர்த்திய கணத்திலிருந்து சாதனம் ஆணையத்தைச் சேர்ந்தது. அதன் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவும் உரிமையாளருக்கு அதிகாரமில்லை. நினைவிருக்கட்டும், ஒரு வார்த்தை!"

நான் ஒரு வார்த்தையும் பேசாமல் திரும்பினேன். அன்றே பழகிக்கொள்ளலாம் என்று.

வியாழக்கிழமை காலை அதிகாரிகளை எதிர்கொள்வதற்கு ஏற்ற முறையில் உடுத்திக்கொண்டேன். நீல நிறப் பஞ்சு அங்கி, இடுப்பில் கட்டிய துணி, தலையில் குல்லா, கையில் தடி. வாசலில் நிமிர்ந்து நின்றேன். இறப்பு நடந்த வீட்டு ஆண்மகனும் எங்கள் ஊரில் இப்படித்தான் உடுத்தி, இப்படித்தான் வாசலில் நிற்பான். அந்த நேரத்தில் எனக்கு அது தோன்றவில்லை. தெருக்கோடியில் ஒருவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவர் என்னைப் பார்த்ததும் கையிலிருந்த ரொட்டிக் கூடையைக் கீழே வைத்தார்.

ஆணையத்தின் லாரி தெருவுக்குள் வர முடியவில்லை. ஆணையமே தெருமுனையில் ‘புதுமைக்கு வாயில்’ என்று எழுதி ஒரு வளைவு கட்டியிருந்தது. லாரி அதைவிட உயரம். நுஸ்ரதோவ் வளைவைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார். கடைசியில் அலுவலக ஏணியை எடுத்து வரச் சொன்னார். அதுவரை அலுவலகத்துக்குள் இருந்தவர்கள் உள்ளேயே இருக்கட்டும் என்றும் சொன்னார்.

ஏணியில் ஃப்ரிட்ஜைக் கிடத்தினார்கள். நஸோகத் அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள்.

"படுக்க வைக்காதீங்க! மோட்டார் எண்ணெய் குழாய்க்குள்ள ஏறிடும்! ஐயோ, உள்ள முலாம்பழம் இருக்கு, அதையாவது எடுத்துக்கிறேன்!"

"துணி போர்த்தியாயிற்று" என்றார் நுஸ்ரதோவ். அது கருநீல வெல்வெட், ஓரத்தில் தங்கக் குஞ்சம். நாலு பேர் தோளில் தூக்கினார்கள். தரையில் இழுப்பது ஆணையத்தின் மரியாதைக்குக் குறைவாம். தலைவர் முன்னால் நடந்தார். நான் தடியை ஊன்றிப் பின்னால் நடந்தேன். என் மருமகளை அவமானப்படுத்தப்போகும் ஊர்வலத்தை வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பது எனக்குத் தகாது.

இனி நடந்ததற்கு எங்கள் ஊர்க்காரர்கள் யாரையும் நான் குறை சொல்ல மாட்டேன்.

ஏணி போன்ற ஒன்று. அதன்மேல் துணி போர்த்திய நீண்ட உருவம். பின்னால் அங்கியும் இடுப்புத்துணியுமாகக் கிழவன். இதைக் கண்ட பிறகும் நடையைக் கட்டுகிறவன் கோகந்தில் பிறந்தவனாக இருக்க முடியாது. சந்தூக்கு, அதாவது பாடை, போகும்போது எங்கள் ஆண்கள் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடி வந்து தோள் கொடுப்பார்கள். புதிதாக வருகிறவன் முன்னால் நுழைவான். சுமந்தவன் பின்னால் நழுவி வெளியேறுவான். யார் இறந்தார் என்று சுமக்கும்போது கேட்பது அநாகரிகம். வேகமாகவும் போக வேண்டும்.

முதலில் ரொட்டிக்காரர் ஓடி வந்தார். பிறகு முடிதிருத்தும் கடையிலிருந்து பாதி மழித்த முகத்தோடு ஒருவரும், அவரை மழித்துக்கொண்டிருந்த கடைக்காரரும். தேநீர்க்கடை மொத்தமாக எழுந்து வந்தது. பஷோரத் அக்காவின் வாசலைத் தாண்டும்போது ஏணியில் ஆணையத்தின் கை ஒன்றுகூட இல்லை.

"நில்லுங்கள்! இது... லாரி அந்தப் பக்கம்!" என்று நுஸ்ரதோவ் பின்னால் வந்துகொண்டே கூவினார்.

"துக்கத்துல பேசுறாரு பாவம்" என்று யாரோ சொல்லி அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்கள்.

பஷோரத் அக்கா வாசற்படியில் உட்கார்ந்து, யாரென்று தெரியாமலேயே, மார்பில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். தெருமுனையில் வளைவுக்குக் கீழே ஊர்வலம் வலப்பக்கம் திரும்பியது. லாரி நின்றது இடப்பக்கம். எங்கள் தெருவிலிருந்து தோளில் போகும் எதுவும் வலப்பக்கம்தான் திரும்பும். அங்கேதான் கபறுஸ்தான், எங்கள் இடுகாடு.

ஹோஷிம் ஓடி வந்தான். கன்னமெல்லாம் கண்ணீர். "எர்கஷு, போய்ட்டியேடா! ஒரு கிளைக்காக உன்கூடப் பேசாம இருந்துட்டேனேடா!" என்று கதறியபடி தோளைக் கொடுத்தான். கொடுத்துவிட்டுத் திரும்பினான். பின்னால் நான் நடந்து வந்துகொண்டிருந்தேன்.

அவன் முகத்தில் தெரிந்தது மகிழ்ச்சி என்று என்னால் சொல்ல முடியாது. "நீ உயிரோடதான் இருக்கியா?" என்றான். பிறகு அவனுக்கு வேறொன்று தோன்ற, குரல் இன்னும் உடைந்தது. "அப்போ... ஸாஹிபாவா? அந்தம்மா கையால ஒரு குவளை தண்ணி குடிக்காதவன் நம்ம தெருவுல உண்டாடா!"

எனக்குப் பேச அதிகாரமில்லை. ஆணையத்தின் துணி போர்த்தியிருந்தது. நான் தலையை மட்டும் குனிந்துகொண்டேன்.

"நல்ல கனம்" என்று முன்னாலிருந்தவர் முணுமுணுத்தார்.

"சாப்பாட்டுக்குக் குறையில்லாத வீடு" என்றார் பக்கத்திலிருந்தவர்.

பனி உருகி ஏணியிலிருந்து சொட்டியது. குளிப்பாட்டிய தண்ணீர் என்று நினைத்து யாரும் துடைத்துக்கொள்ளவில்லை. அடுத்த திருப்பத்தில் உள்ளே முலாம்பழம் உருண்டு கதவில் தொம்மென்று இடித்தது. முடிதிருத்தும் கடைக்காரர் வெளிறிப்போனார். ஆனாலும் ஏணியை விடவில்லை. எங்கள் ஊரில் வளர்ப்பு அப்படி.

கபறுஸ்தான் வாசலில் இமாம் ஹஸ்ரத் நின்றிருந்தார். அமைதியான மனிதர். எங்களைக் கண்டதும் கையுயர்த்தினார். ஏணி இறக்கப்பட்டது. கூட்டம் வரிசையாக நின்றது. குழி தோண்டுகிறவரிடம் ஹஸ்ரத் என்னவோ கேட்டார். அந்த ஆள் தனக்குத் தகவல் வரவில்லை என்று கைவிரித்தார். ஹஸ்ரத் முறைப்படி கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்:

"மக்களே, இவர் எப்படிப்பட்டவர்?"

இந்தக் கேள்விக்கு எங்கள் ஊரில் ஒரே பதில்தான் உண்டு. அதை யாரும் யோசித்துச் சொல்வதில்லை, நாக்கே சொல்லும். "நல்லவர்! நல்லவர்!" என்றது கூட்டம். நுஸ்ரதோவின் உதடுகளும் அசைந்ததை நான் பார்த்தேன்.

ஹஸ்ரத்தும் பார்த்தார். "தலைவரே, நீங்களே முன்னாடி நிக்கிறீங்க. நெருங்கிப் பழகினவர் போல. ரெண்டு வார்த்தை சொல்லுங்க."

நுஸ்ரதோவ் சுற்றிலும் பார்த்தார். முந்நூறு ஆண்கள் குல்லாவோடு நின்றார்கள். இத்தனை பேர் அழுத கண்ணீரோடு சுமந்து வந்தது ஒரு ஃப்ரிட்ஜ் என்று சொல்லும் துணிவு எந்த அதிகாரிக்கும் இருக்காது. பேசாமல் இருக்கும் பயிற்சியும் அவருக்கு இல்லை. அவர் தொண்டையைச் செருமினார்.

"அன்னார்... நாற்பதாண்டுக்கு மேலாக ஓய்வறியாது உழைத்தவர். கோடையோ குளிரோ பாராதவர். தமக்கென்று எதையும் வைத்துக்கொள்ளாதவர். கொடுத்ததைக் கெடாமல் காத்துத் திருப்பிக் கொடுத்தவர். கடைசி நாள் வரை..." அவர் தடுமாறினார். "கடைசி நாள் காலை வரை பணியில் இருந்தார்."

"காலை வரைக்குமா?" ஹஸ்ரத் புருவம் உயர்த்தினார். "என்ன நோய்?"

"நோய்... ஒன்றுமில்லை."

"விபத்தா?"

"விபத்தும் இல்லை."

"பிறகு எப்படி இறந்தார்?"

"வயது வரம்பு ஹஸ்ரத். விதிப்படி."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு பரவியது. ஹோஷிம் முன்னால் வந்தான். "ஒரு நோயும் இல்லாதவங்கள எதுக்கய்யா தூக்கிட்டு வந்தீங்க? யாரு தீர்மானிச்சது?"

"ஆணையம்" என்றார் நுஸ்ரதோவ். அவர் குரலை முதன்முறையாகக் கஷ்டப்பட்டுக் கேட்க வேண்டியிருந்தது.

முடிதிருத்தும் கடைக்காரருக்கு இனியும் தாங்கவில்லை. "ஹஸ்ரத், வர்ற வழியில உள்ளேர்ந்து தட்டுனாங்க! நான் என் காதால கேட்டேன்!"

ஹஸ்ரத் குனிந்து வெல்வெட் துணியின் ஓரத்தை விலக்கினார். வெள்ளை எனாமலும் லாரிக் கைப்பிடியும் தெரிந்தன. அவர் நீண்ட நேரம் பார்த்தார். துணியைத் திரும்ப மூடினார். அவர் தாடி லேசாக நடுங்கியது. ஆனால் சிரித்தார் என்று நான் சாட்சி சொல்ல மாட்டேன்.

"சரி" என்றார். "ஊரே நல்லவர்னு சாட்சி சொல்லியாச்சு. தலைவர் நோயில்லன்னு சொல்லிட்டாரு. இங்க உயிரோட இருக்கிறவங்களுக்கு இடம் இல்ல. வீட்டுக்குக் கொண்டுபோங்க. தூக்கிட்டு வரச் சொன்னவங்களே தூக்கட்டும்."

அப்படியே நுஸ்ரதோவும் அவருடைய ஆட்களும் தூக்கினார்கள். கம்ரோனும் ஒரு மூலையைப் பிடித்திருந்தார். இம்முறை யாரும் ஓடி வந்து தோள் கொடுக்கவில்லை. கபறுஸ்தானிலிருந்து திரும்புகிற சந்தூக்குக்குத் தோள் கொடுப்பது எப்படி என்று எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. ஹோஷிம் மட்டும் என் பக்கத்தில் நடந்தான். "என் கண்ணீருக்கு நீதான்டா பதில் சொல்லணும்" என்றான். கிளையைப் பற்றி அவன் பேசவில்லை, நானும் பேசவில்லை.

வீட்டு முற்றம் துக்கம் கேட்க வந்த பெண்களால் நிறைந்திருந்தது. நடுவில் ஸாஹிபா உட்கார்ந்து, தான் சாகவில்லை என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஃப்ரிட்ஜைக் கண்டதும் எல்லாரும் எழுந்தார்கள்.

"செத்துப் போயிடுச்சா?" என்றார் பஷோரத் அக்கா, என் மருமகளைப் பார்த்துக்கொண்டே. கேள்வி யாருக்கு என்று எனக்குத் தெரியும். நுஸ்ரதோவுக்கும் முகத்தில் ரத்தம் திரும்பியது. "ஆம், ஓடினால் ஒரு பேச்சு; ஓடாவிட்டால் ஆணையம் சொன்னதுதான் சரி" என்றார்.

நஸோகத் ஃப்ரிட்ஜை நிமிர்த்தி நிறுத்தச் சொன்னாள். "இப்ப பிளக்கு செருகக்கூடாது. எண்ணெய் கீழ இறங்கணும். சாயங்கால அஸர் தொழுகை முடியட்டும்."

"அப்படின்னு உனக்கு யாரு சொன்னா?" என்றார் பஷோரத் அக்கா.

"எங்கம்மா."

"சீர்வரிசையில வந்த புத்தியா?"

"ஆமா அத்தை. அது பேச்சுக்கு ஆகாது, ஃப்ரிட்ஜுக்கு ஆகும்."

முற்றம் முழுவதும் காத்திருந்தது. வந்தவர்களைத் தேநீர் இல்லாமல் அனுப்ப முடியாதென்பதால் சமோவார் ஓயாமல் கொதித்தது. என் வாழ்நாளில் எத்தனையோ ரயில்களுக்காகப் பிளாட்பாரத்தில் நின்றிருக்கிறேன். தாமதமாக வரும் ரயில் எப்படியும் வந்துவிடும் என்று தெரியும். அன்று தெரியவில்லை.

தொழுகை முடிந்தது. அவள் செருகினாள். டிக் என்றது. ஓடவில்லை. நுஸ்ரதோவ் எழுந்தார். மீண்டும் ஒரு டிக். பஷோரத் அக்கா உச்சுக்கொட்டினார். நஸோகத் செருகியைப் பிடுங்கி, பின்பக்கம் கையை விட்டு, எதையோ விரலால் அழுத்தித் திருத்தினாள். முகத்தில் வியர்வை. திரும்பச் செருகினாள்.

அவர் தலை முதல் கால் வரை சிலிர்த்தார். பிறகு ஓடினார்.

யாரும் கைதட்டவில்லை. பெண்கள் கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பஷோரத் அக்காதான் முதலில் வாய் திறந்தார். "கபறுஸ்தான் வரைக்கும் போனதத் திருப்பிக் கொண்டாந்துட்டாளே. மருமக கால் வச்ச நேரம்னு இதைத்தான் சொல்லணும்." எங்கள் தெருவில் அவர் சொன்னால் அது சொன்னதுதான். நான் தடியின்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டேன்.

வெயில் இறங்கும் நேரத்தில் நஸோகத் ஆப்ரிகாட் ஊறவைத்த தண்ணீரை அதிலிருந்து எடுத்துக் கிண்ணத்தில் ஊற்றினாள். புது மருமகள் விருந்தாளிக்குச் செய்யும் முறைப்படி, தலை தாழ்த்தி வணங்கி, இரு கைகளாலும் முதலில் நுஸ்ரதோவிடம் நீட்டினாள். அவர் மறுக்க முடியாது. கிண்ணத்தின் வெளிப்புறம் வியர்த்திருந்தது. ஒரே மூச்சில் குடித்தார். கபறுஸ்தானிலிருந்து வெயிலில் சுமந்தவர் இல்லையா.

மருமகள் கையால் வாங்கிக் குடித்தவர் வீட்டை வாழ்த்த வேண்டும். அதற்கு எங்களிடம் இருப்பது ஒரே வாழ்த்து. அவருடைய தாய் சொல்லிக்கொடுத்ததும் அதுதான். அவர் இரு உள்ளங்கைகளையும் விரித்தார். வாய் பாதி சொல்லி முடித்தபோதுதான் என்ன சொல்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. ஆனால் பாதி வாழ்த்தில் நிறுத்துகிறவனுக்கு எங்கள் ஊரில் பெண் கொடுக்க மாட்டார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு முடித்தார்.

"இந்த வீட்டில் இருப்பவர்களும், இந்த வீட்டில் இருப்பவையும், நீண்ட ஆயுளோடு இருக்கட்டும்."

முற்றத்தில் இருந்த அனைவரும் முகத்தைக் கைகளால் தடவி "ஆமீன்" என்றார்கள். என் குரல் மற்றவர்களுடையதைவிடச் சற்று உரக்கவே இருந்தது.